அண்ணி அனுப்பிய தண்ணீர்

1

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். புது அலமாரிகள் வருகின்றன, பழைய பாட்டில்களைக் கொட்டிக் கழுவி அடுக்க வேண்டும் என்று உத்தரவு. கழுவுவது என்றால் அது என் துறை. லியோன் நகரத்துக்கு வெளியே இருக்கும் இந்த மண், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முதல் ஏழு வருஷம் பாட்டில் மட்டுமே கழுவினேன். பிறகு மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் மேசைக்கு ஏற்றினார்கள். ஊரில் அண்ணன் "எங்க லூர்து அங்க சயின்டிஸ்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி ஊரில் சொல்வதில் பாதிக்கு மேல் இப்படித்தான், திருத்த ஆரம்பித்தால் ஓயாது.

பின் வரிசையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், என் கையெழுத்திலேயே ஒரு பாட்டில் இருந்தது. போன ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அண்ணன் வீட்டு போர் தண்ணீர். பரிசோதனை முடிந்த மாதிரியைச் சில வாரம் வைத்திருந்து கொட்டிவிட வேண்டும் என்பது இங்கே விதி. மற்றவர்களுடையதை எல்லாம் நாள் தவறாமல் கொட்டியவள், இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் வீட்டுத் தண்ணீர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகும் அடியில் ஒரு தூசி இல்லை. மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தி மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் கைவேலை. விமானத்தில் ஒழுகிவிடக் கூடாது என்று எனக்கு அனுப்பும் எந்த பாட்டிலுக்கும் மெழுகு வைத்துத்தான் மூடுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திருக்காது.

2

எங்கள் ஊர்ப் பெயரை எழுதவில்லை. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து என்றால் போதும். பெயர் வெளியே போனால் நெல் வாங்க வருகிறவன் விலையைக் குறைப்பான், பெண் கேட்டு வருகிறவர்கள் பாதி வழியில் திரும்புவார்கள் என்று அண்ணன் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது அண்ணன் வயலுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். என் வீட்டுக்காரரின் தாத்தா சொல்தாவாக இருந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் பேரன் குடும்பம் இங்கே வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பொட்டலில் ஏதாவது முளைத்திருக்கும். முதலில் ஒரு மதில், பிறகு தகரக் கூரை, பிறகு புகைக்குழாய். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெருவில் நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். ஷிப்டு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மதிலுக்கு அடியில் ஒரு குழாய் மட்டும் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்கிற அன்றைக்கு அதிலிருந்து வாய்க்காலில் கழிவுத் தண்ணீர் விடுவார்கள். மழையோடு மழையாகப் போய்விடும் என்று கணக்கு.

மதில் ஓரத்து வயலில் நெற்பயிர் நுனி கருகியது. வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆடுகள் வாய்க்கால் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு விலகின. அண்ணன் வீட்டு போரில் தண்ணீர் தெளிவாகத்தான் வரும், ஆனால் குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் மஞ்சளாகிவிடும். கழுவுகிற கல்லெல்லாம் செம்மண் நிறம். அதனால் தெருவில் யாரும் அதைக் குடிப்பதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் போர்.

போன வருஷம் தெரு சேர்ந்து புகார் எழுதியது. அண்ணன் வீட்டு போர்தான் மதிலுக்கு மிக அருகில் இருப்பதால் அவர் கையெழுத்துதான் முதல் கையெழுத்து. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்களாம். அவர்களே எடுக்க வருவார்கள்தான், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாதாம். அந்தச் சமயம் பார்த்து நான் விடுமுறைக்குப் போய் இறங்கினேன். இத்தனை வருஷமாக ஊருக்கு என்னால் ஆன உபயோகம் சாக்லேட்டும் வாசனைத் தைலமும்தான். முதல்முறையாக வேறு ஒன்று செய்ய முடியும் என்று தோன்றியது.

எங்கள் பிரிவின் தலைவி மதாமுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்றார். இதுபோல் ஏதாவது வரும் என்று எண்ணியே ஒரு பாட்டிலைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். அண்ணனிடம் கொடுத்து, மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு விளிம்பு வரை பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். புறப்படுகிற நாள் அது. நான் கடைசியாக ஒரு பூசை பார்க்க வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அண்ணி என் பெட்டியை அடுக்கி முடித்திருந்தார். மாங்காய் ஊறுகாய், வடகம், கருவாட்டுப் பொடி, ஒவ்வொரு முறையும் அவர் கொடுக்கும் மாதா குளத்துத் தண்ணீர், அதற்குப் பக்கத்தில் என் பாட்டில். எல்லாம் அவருடைய பழைய புடவைத் துணியில் ஒரே மாதிரி சுற்றி இருந்தன. பெட்டியின் எடையைப் பார்த்தேன். பாட்டிலைப் பார்க்கவில்லை.

3

இங்கே வந்து பாட்டிலைத் திறந்ததும் முதலில் நான் செய்வது எல்லா மாதிரிக்கும் செய்வதுதான். பேனா அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஓர் எண் காட்டும். அது காட்டிய எண் மிகவும் குறைவு. போர் தண்ணீரில் அவ்வளவு குறைவாக வரவே வராது. கருவி கெட்டுவிட்டதோ என்று துடைத்து மறுபடி முக்கினேன். அதே எண்.

இதை நான் விளக்கிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தப்பு இங்கேதான் நடந்தது. என் மேசைக்கு ஒரு பிரெஞ்சு விவசாயி இப்படி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்திருந்தால், ஐயா இது கிணற்றுத் தண்ணீர் இல்லை, போய் வேறு பிடித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியும் இருக்கிறேன். போதாததற்கு, நான் வேலைக்குத் திரும்பும் வரை பத்து நாள் பெட்டியில் கிடந்த தண்ணீர் மஞ்சளாகவும் இல்லை. ஒரே ராத்திரியில் மஞ்சளாகும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். இரும்பெல்லாம் எப்படியோ படிந்திருக்கும் என்று எனக்கு நானே ஏதோ சொல்லிக்கொண்டேன்.

உலோகங்களுக்கான முடிவுகள் வந்தன. ஒன்றுமே இல்லை. மதாம் தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் மலை ஊற்று இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் கொம்யூனில் உயரமான இடம் என்றால் மேல்நிலைத் தொட்டிதான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு அன்று இருந்ததெல்லாம் சந்தோஷம் மட்டுமே. இத்தனை வருஷமாக எத்தனையோ பேருடைய கெட்ட தண்ணீரைப் பதிவு செய்தவள், என் வீட்டுத் தண்ணீர் மட்டும் சுத்தம் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

தாளின் கீழே தமிழில் நானே எழுதினேன். கெடுதலான உலோகம் எதுவும் இல்லை, மஞ்சள் நிறம் வெறும் இரும்பு, வடிகட்டிக் குடிக்கலாம், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டாம் என்பதை அடிக்கோடு வேறு போட்டேன்.

அண்ணன் அதை லேமினேட் செய்து வீட்டில் மாட்டினார். ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்தார். புகாரில் முதல் கையெழுத்துப் போட்டவனே தண்ணீர் நல்லது என்று தாள் கொடுத்த பிறகு அந்தப் புகாருக்கு என்ன வேலை? கோப்பை மூடிவிட்டார்கள். தெரு கேன் வாங்குவதை நிறுத்தியது. வாசலில் ஒரு குழாய் வைத்து, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் வீட்டில் மட்டும் விருந்தாளிகளுக்காக ஒரு கேன் எப்போதும் இருந்தது. வீட்டு மனுஷர்களுக்கு போர்.

4

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். அனுப்பிய அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணியே கூப்பிட்டார். அங்கே சாயங்காலம். பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மெழுகு கெட்டுப் போகவில்லை பார்த்தாயா என்றார். ஒரு வருஷமாகியும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உங்கள் கை ராசி என்று நான் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பின்ன இன்னா, கேன் தண்ணியாச்சே. உங்க அண்ணன் புடிச்சி வெச்சத பாத்தேன், ஒரு மாதிரி நாத்தம் அடிச்சிது. பிளேன்ல போற தண்ணி, வெள்ளக்காரங்க பாப்பாங்க. நம்ம வூட்டுலேர்ந்து அத்த போயி குடுத்தனுப்ப முடியுமா? கொட்டிட்டு, பாட்டில நல்லா வெளக்கி, கேன்லேர்ந்து புடிச்சி வெச்சேன்."

என் கையில் முள்கரண்டி இருந்தது. அதைத் தட்டில் வைத்தேன் என்பது நினைவிருக்கிறது. அண்ணி, அது பரிசோதனைக்கு என்று சொன்னேனே என்றேன். அவருக்குத் தெரியும். பரிசோதனை என்பதால்தான் நல்லதாகக் கொடுத்தாராம். டாக்டரிடம் போகும்போது குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டுதானே போகிறோம் என்று கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்தனுப்பிய எதிலும் ஒரு குறை இருந்ததில்லை. வடகத்தில் உடைந்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு முழுசாக இருப்பதைத்தான் வைப்பார். உடைந்ததை அவர்கள் சாப்பிடுவார்கள். பெட்டியில் போகிற பொருளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் முறை. அந்தப் பெட்டிக்குள் கெட்டதாக ஒன்று போக வேண்டும், கெட்டதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பாடம் எடுக்கிறவள், அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விஷயம் புரிந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. அண்ணனிடம் சொல்லிவிடாதே, தெருவில் தலை காட்ட முடியாது என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

5

இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் அரைநாள் விடுப்பில், குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ப்ரெஃபெக்சர் என்கிற அரசு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். நான் பிறந்த ஊர்ப் பெயரை அவர்கள் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னை ஏதோ கேட்டாள், நான் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் களைப்புதான் வந்தது, கோபம் வரவில்லை. வரிசையில் நின்ற அந்த மூன்று மணி நேரமும் அண்ணன் வாசல் குழாயில் யார் யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான்.

எதற்குப் பயந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் மானம் ஒரு சாக்கு. சயின்டிஸ்ட் லூர்து தப்புத் தாள் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும். அதற்குத்தான் பயந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மகள் எமிலின் பல்கலைக்கழகத்திலிருந்து துணி துவைக்க வந்திருந்தாள். அவள் வருவது இப்போதெல்லாம் துணி துவைக்கத்தான். சுற்றுச்சூழல் படிக்கிறாள். என் அண்ணியிடம் பேச அவளுக்கு மூன்று தமிழ் வாக்கியம் தெரியும், சாப்பிட்டாச்சா என்பது அதில் ஒன்று. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்த முதல் எண்ணைப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்திருக்குமே அம்மா என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். தெரிந்தது என்றேன். அவள் சலவைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். இந்நேரம் அங்கே யாரோ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அண்ணன் எடுத்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணா, அந்த பேப்பர் தப்பு. லேப்ல பாட்டில் மாறிடிச்சி, நான்தான் மாத்திட்டேன். போர் தண்ணிய யாரும் குடிக்க வேணாம். இப்பவே நிறுத்திடுங்க."



"ஒரு வருஷமா தெருவே குடிக்குது லூர்து," என்றார். "நீ சொன்னன்னுதான் குடிக்குது."

அதற்கு மேல் அவர் திட்டியதை எழுதவில்லை. இத்தனை வருஷமாகப் பாட்டிலோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா என்பது அதில் ஒன்று. நியாயமான கேள்வி. நான் பொய் சொல்லியிருந்தாலும் அந்தக் கேள்வி என்னைச் சேர்ந்ததுதான், அதனால் வாங்கிக்கொண்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. நடுவில் அண்ணியின் குரல் வந்தது.

"அவ மாத்தல. நீங்க புடிச்சி வெச்சத நான்தான் கொட்டிட்டு கேன் தண்ணி ஊத்தனேன். அவள ஒன்னியும் சொல்லாதீங்க."

சுவரில் ஆணி அசைகிற சத்தம் கேட்டது. லேமினேட் செய்த தாளைக் கழற்றினார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

6

அன்று மாலையே அண்ணன் வாசல் குழாயின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். ஒரு வீட்டில், உன் தங்கச்சி பேப்பரை வைத்துக் கம்பெனிக்காரன் உனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டார்களாம். அண்ணி தானே எழுந்து போய் அவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். தலை காட்ட முடியாது என்று பயந்தவர், தெரு முழுக்கத் தலை காட்டிவிட்டார். அவரைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதிக்கொள், இன்னொருத்தி இப்படிச் செய்யாமல் இருப்பாள் என்றார்.

அலுவலகத்தில் முன்பிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். பழைய கோப்பைத் திறக்க முடியாது, புதுப் புகார் கொடுங்கள் என்கிறார்கள். கொடுத்தாயிற்று. பழைய கோப்பில் இருக்கும் என் தாளை என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அது செல்லாது என்று கடிதம் எழுதினேன். அந்தக் கடிதம் நான் எழுதியதுதான் என்று யாராவது சான்று தர வேண்டுமாம். மதாமிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இம்முறை முறைப்படி பதிவு செய்து செய்வோம் என்றார். மலை ஊற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டு பாட்டில் பிடிக்கச் சொன்னேன். ஒன்று அங்கேயே அங்கீகாரம் உள்ள கூடத்துக்கு, ஒன்று எனக்கு. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மோட்டாரைப் போட்டார். கால் மணி நேரம் ஓடவிட்டோம். பாட்டிலைப் பிடித்தது அண்ணிதான், தானே பிடிப்பேன் என்று சொல்லிவிட்டார். நிரம்பியதும் மூக்கருகே கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்த போயி உனுக்கு எப்டிமா குடுத்தனுப்பறது," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை இறுக்கினார்.

கல்யாணத்துக்குப் போயிருந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து கொடுத்தான். ஊறுகாய் இல்லை, வடகம் இல்லை, கெட்ட தண்ணீரோடு சாப்பாட்டுச் சாமானை வைக்க அண்ணிக்கு மனம் வரவில்லையாம். புடவைத் துணி மட்டும் எப்போதும் போலச் சுற்றி இருந்தது. திங்கட்கிழமை காலை மதாம் பக்கத்தில் நிற்க, பதிவேட்டில் அண்ணன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதினேன். தண்ணீர் மஞ்சளாகியிருந்தது, அடியில் செந்நிறமாகப் படிந்திருந்தது. கொஞ்சம் ஊற்றிக் கருவியை முக்கினேன். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. உலோகங்களுக்கான முடிவு வர நாளாகும், அதற்கு முன் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. மதாமின் கை என் தோளில் இருந்தது.

பதிவு எண் ஒட்டுவதற்காகப் பாட்டிலைத் திருப்பினேன். நான் கொடுத்த சீட்டில் அண்ணனின் பெயர், தேதி, போர் தண்ணீர் என்று எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, நான் சொல்லாத ஒரு வரியை அண்ணி தன் கையெழுத்தில் சேர்த்திருந்தார்.

"லூர்து, மறந்து குடிச்சிடாத."

அவர் அதை ஒரு வருஷம் குடித்திருக்கிறார்.